விற்பனை மேசைக்கு முன் பணிமனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத் தொழிலில் அடுத்த தலைமுறையைப் பழக்குவது பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படிப்பை முடித்துவிட்டு வரும் பிள்ளைகளை முதலில் விற்பனைப் பிரிவில் அமர்த்த வேண்டும், வாடிக்கையாளர்களின் முகம் பழகிவிட்டால் தொழிலின் மற்றப் பகுதிகள் தாமாகவே பிடிபட்டுவிடும் என்பது அதன் சாரம். வேறு தொழில்களுக்கு அது பொருந்தக்கூடும். கனரக லாரி விற்பனைக்கு அது பொருந்தாது என்பதையும், அப்படிப் பழக்கப்பட்டதால் ஒரு வாடிக்கையாளருக்கு நானே இழைத்த தீங்கையும் எடுத்துச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். என் தந்தையும் சித்தப்பாவும் சேர்ந்து தொடங்கிய லாரி விற்பனை நிலையத்தில் 22 ஆண்டுகளாக இருந்துவருகிறேன். இப்போது என் மகளும் அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். ஆகவே, கற்றுக்கொண்டவன் என்ற முறையிலும் கற்றுக்கொடுக்க வேண்டியவன் என்ற முறையிலும் இதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

என்னை முதல் நாளே ஷோரூமில், கண்ணாடிக் கதவுக்கு எதிரே ஒரு மேசையில்தான் உட்கார வைத்தார்கள். விளக்கக் கையேடுகளை மனப்பாடம் செய்தேன்; எந்த வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன், எத்தனை கியர், எவ்வளவு டார்க் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வேன். வந்தவர்களில் பெரும்பாலோர் அப்பாவை அறிந்தவர்கள். அவர் மீதிருந்த நம்பிக்கையில் என் முன்னே அமர்ந்தார்கள். அவர்கள் தயங்கும்போதெல்லாம் நான் விலையைக் குறைத்தேன். முதலாளியின் மகன் என்பதால் யாரிடமும் கேட்காமல் குறைக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. பத்தாண்டு அனுபவமுள்ள விற்பனையாளர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆண்டு முடிவில் என் பெயருக்கு நேரே இருந்த எண்ணிக்கையைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். சித்தப்பா அந்தப் பட்டியலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதில் நீ விற்ற வண்டி எது, குறைத்த விலை விற்ற வண்டி எது, கொஞ்சம் பிரித்துக் காட்டு" என்றார். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அந்த ஆண்டில்தான் அந்தத் தவறும் நடந்தது. கல் குவாரியில் இரண்டு பழைய டிப்பர்களை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் மூன்றாவது வண்டி வாங்க வந்தார். அவருக்கு அவசரம், எங்களிடமோ நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்துக்கென்று அமைக்கப்பட்ட ஒரு சேசிஸ், அதாவது பாடி கட்டாத வண்டி, பல வாரங்களாக விற்காமல் நின்றுகொண்டிருந்தது. திறன் போதுமானது, டிப்பர் பாடி கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி, விலையையும் குறைத்து அதை அவர் தலையில் கட்டினேன். குவாரிப் பாதையின் ஏற்றம் எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

அந்த வண்டியின் பின் ஆக்சில் ரேஷியோ 3. அதாவது கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். கனரக லாரியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 417 முறை சுற்றும். என்ஜினும் அந்த ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி நேரடி இணைப்பாக உள்ள கடைசி கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 1,250 முறை சுற்றினால் போதும். சமதளச் சாலையில் நாள் முழுவதும் ஓடும் வண்டிக்கு இது அருமையான அமைப்பு. என்ஜின் அலுங்காமல் ஓடும், எரிபொருளும் குறையும். அதே வண்டிக்கு ரேஷியோ 5 ஆக இருந்தால் என்ஜின் 2,083 முறை சுற்றியாக வேண்டும். நெடுஞ்சாலைக்கு அது வீண் செலவு. ஆனால் குவாரியில் யாரும் 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை. நூறு அடி போனால் பத்து அடி உயரும் ஏற்றத்தில் 30 டன் எடையோடு நிற்கும் வண்டியை, ஏறத்தாழ 3 டன் எடைக்குச் சமமான விசை பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். அதை வென்று வண்டி நகர வேண்டும். ரேஷியோ 5 உள்ள ஆக்சில், அதே என்ஜினிலிருந்தும் அதே கியரிலிருந்தும் சக்கரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் விசையைக் கொடுத்திருக்கும். நான் விற்ற வண்டியின் ஓட்டுநருக்கு அந்த உதவி இல்லாததால், அவர் ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை ஏற்ற வேண்டியிருந்தது.

நான்கு மாதத்துக்குள் கிளட்ச் இரண்டு முறை தீய்ந்தது. ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நான் சொன்னேன். அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் முறை வண்டி வந்தபோது எங்கள் தலைமை மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு, கழற்றி வைத்திருந்த, கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை என் கையில் கொடுத்தார். அதன் முகம் முழுவதும் நீலமும் கருநீலமுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. முடி போன்ற வெடிப்புகள் மையத்திலிருந்து விளிம்பு வரை ஓடியிருந்தன. தீய்ந்த நாற்றம் கையை விட்டுப் போக அன்று இரவாயிற்று. "தம்பி, இந்த வண்டி எந்த ஏற்றத்தில் ஏறுகிறது என்று அவரிடம் கேட்டீர்களா?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். என் தந்தை எங்கள் செலவில், அந்த ரேஷியோவைத் தீர்மானிக்கும் பின் ஆக்சில் பற்சக்கரங்களான கிரவுன் பினியனை மாற்றிக் கொடுத்தார். ஆனால் வண்டி நின்ற நாள்களுக்குரிய வருமானத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை நாள் வந்துவிடும், ஓட்டுநருக்குச் சம்பளம் தர வேண்டும், காப்பீடு கட்ட வேண்டும். இரண்டு வண்டி வைத்திருப்பவர் மூன்றாவதை வாங்குவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு சித்தப்பா இரண்டு முடிவுகள் எடுத்தார். நான் 11 மாதங்கள் பணிமனையில் தலைமை மெக்கானிக்கின் கீழ் வேலை செய்ய வேண்டும் என்பது ஒன்று. திரும்பி வந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு ரூபாய்கூட விலை குறைக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது என்பது மற்றொன்று. முதல் முடிவைப் பலரும் ஏற்றுக்கொள்வார்கள். இரண்டாவதுதான் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். தங்கள் கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. விலையைக் குறைக்க முடிந்தவன் வேறு எதையும் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. வாங்குபவர் கேட்கும் கடினமான கேள்வி எதற்கும் அவனிடம் ஒரே பதில் தயாராக இருக்கும்.

பணிமனையில் கற்றவை அனைத்தையும் இங்கே எழுத இடம் போதாது. ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். ஏர் பிரேக் உள்ள வண்டியை நிறுத்தி வைக்கும்போது காற்றுதான் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் பிடிப்பது ஒரு வலிமையான ஸ்பிரிங். காற்றின் வேலை அந்த ஸ்பிரிங்கை அமுக்கி விடுவிப்பது. காற்று கசிந்து அழுத்தம் குறைந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்படி, பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் அழுத்தம் ஏறும்வரை ஓட்டுநர் ஏன் காத்திருக்கிறார் என்பது தெரியாமலே நான் ஓராண்டு லாரி விற்றிருக்கிறேன். டயரும் அப்படித்தான். ஓரங்கள் இரண்டும் தேய்ந்து நடுப்பகுதி தேயாமல் இருந்தால் காற்று குறைவாக அடித்து ஓட்டியிருக்கிறார்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை. ஒருவருடைய பழைய வண்டியின் டயரை ஒரு நிமிடம் குனிந்து பார்த்தாலே அவருக்கு அடுத்த வண்டியோடு எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். புகையைச் சுத்திகரிக்கும் யூரியா கரைசலைப் பற்றியும் அங்கேதான் புரிந்துகொண்டேன். அதில் யூரியா 32.5 விழுக்காடு, மீதி தூய நீர். அது டீசலோடு கலப்பதில்லை, புகைப்போக்கியின் பாதையில் தெளிக்கப்பட்டு, நச்சான நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. தரமற்ற கரைசலையோ வெறும் தண்ணீரையோ ஊற்றினால் என்ன செலவு வரும் என்பதை டெலிவரி நாளிலேயே ஓட்டுநரிடம் சொல்லாத விற்பனையாளர், பிறகு பணிமனையில் அவருடைய கோபத்தைத்தான் சந்திப்பார்.

ஒரு மாலை சித்தப்பா எடை பார்க்கும் கருவிகள் இரண்டை வாங்கி வந்தார். அவற்றின் மீது ஒரு நீளமான பலகையைப் படுக்க வைத்து, "இது முன் ஆக்சில், அது பின் ஆக்சில்" என்று காட்டினார். பிறகு ஒரு செங்கல்லைக் கொடுத்துப் பலகையின் மேல் நகர்த்தச் சொன்னார். நடுவில் வைத்தால் இரண்டும் ஒரே எடை காட்டின. பின்பக்கம் நகர்த்த நகர்த்தப் பின் கருவியில் எடை ஏறியது, முன்னதில் இறங்கியது. பின் கருவியையும் தாண்டிப் பலகையின் நீட்டிக்கொண்டிருந்த முனையில் வைத்தவுடன் பலகையின் முன் முனை சற்றே தூக்கியது. அன்று கற்றது இன்றுவரை எனக்குப் பயன்படுகிறது. இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே 5 மீட்டர் இருக்கும் லாரியில், 10 டன் சரக்கின் எடை மையம் முன் ஆக்சிலிலிருந்து 4.5 மீட்டர் தொலைவில் இருந்தால், 9 டன் பின்னாலும் 1 டன் முன்னாலும் இறங்கும். அந்த மையம் 5.5 மீட்டருக்குப் போய்விட்டால் பின் ஆக்சிலின் மேல் 11 டன் ஏறும். சரக்கின் மொத்த எடையைவிட 1 டன் கூடுதல். அந்தக் கூடுதல் எடை எங்கிருந்து வருகிறது? முன் சக்கரங்களிலிருந்துதான் வருகிறது. ஸ்டீயரிங் இலேசாகி, திருப்பினால் வண்டி திரும்பாமல் போவது அதனால்தான். 'இன்னும் இரண்டு அடி நீட்டிப் பாடி கட்டிக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொல்லும்போது, சரி என்று தலையாட்டாமல் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியவர் விற்பனையாளர். பாடி கட்டுபவர் அதைச் சொல்வார் என்று விட்டுவிட முடியாது. அவரிடம் போகும்போது சேசிஸ் ஏற்கெனவே வாங்கப்பட்டிருக்கும்.

இந்தத் தொழிலில் மிகுதியாகப் புழங்கும் பொய் ஒன்று உண்டு: "எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும்." முதலாளியின் பிள்ளை அதைச் சொல்லும்போது, நிலையத்தின் உத்தரவாதமாகவே வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள ஒட்டாவா என்னும் ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை, அதற்கென்றே போடப்பட்ட சாலைகளில் வெவ்வேறு எடையுள்ள லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஆக்சில் எடை கூடும்போது சாலையின் சேதம் அதே அளவில் கூடுவதில்லை, ஏறத்தாழ நான்காம் அடுக்காக, அதாவது எடை கூடிய மடங்கை நான்கு முறை எழுதிப் பெருக்கிய அளவில், கூடுகிறது என்பது அந்தச் சோதனையிலிருந்து தெரியவந்தது. ஆக்சிலில் 20 விழுக்காடு அதிகம் ஏற்றினால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்குக்கு மேல். வண்டியின் டயர், ஸ்பிரிங் பட்டை, பிரேக், பேரிங் ஆகியவையும் கூடுதல் சுமைக்கு ஈடுகொடுத்துத் தேய்ந்தாக வேண்டும். ஒரு நடை கூடுதலாக ஏற்றிச் சம்பாதித்ததைப் பணிமனையில் கொண்டுவந்து கொட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நாங்கள் உதிரிபாகங்கள் விற்று இலாபம் பார்த்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

விலை குறைக்க அதிகாரம் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதங்களில் என்னால் மிகச் சில வண்டிகளைத்தான் விற்க முடிந்தது. அப்பாவின் நண்பர்களே என்னைத் தாண்டி அவரிடம் போய்க் கேட்டார்கள். அவர் என்னிடமே திருப்பி அனுப்பினார். வேறு வழியில்லாமல் நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். என்ன சரக்கு, ஒரு நடைக்கு எத்தனை டன், திரும்பும்போது வண்டி வெறுமையாக வருகிறதா, வழியில் ஏற்றம் உண்டா, ஆண்டுக்கு எவ்வளவு தூரம் ஓடும், எத்தனை ஆண்டு கழித்து விற்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஆண்டுக்கு 1,00,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டி லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுத்தால் 33,333 லிட்டர் டீசல் வேண்டும், அதுவே 3.2 கிலோமீட்டர் கொடுத்தால் 31,250 லிட்டர் போதும். லிட்டருக்கு வெறும் 200 மீட்டர் வித்தியாசம், ஆண்டுக்கு 2,083 லிட்டர் மிச்சம். ஐந்து ஆண்டுக்கு அதைப் பெருக்கி, அவருடைய ஊரின் டீசல் விலையை அவரையே போடச் சொல்வேன். நான் முன்பு குறைத்துக் கொடுத்த தொகைகள் அந்தக் கணக்கின் முன்னே மிகச் சிறியவையாகத் தெரிந்தன. அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள்.

பிள்ளைகளைப் பணிமனைக்கு அனுப்பினால் அவர்கள் தொழிலையே வெறுத்து ஓடிவிடுவார்கள் என்று கட்டுரையாளர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தில் உண்மை உண்டு. சித்தப்பாவின் மகன், என் தம்பி, மூன்றாம் மாதமே விலகிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விட்டான். அங்கே நன்றாகவும் இருக்கிறான். சித்தப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் லாரியின் மீது ஈடுபாடே இல்லாத ஒருவன் கண்ணாடிக் கதவுக்கு எதிரே முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து விலையைக் குறைத்துக்கொண்டிருப்பதை விட அது நல்லது என்று அவரே பின்னாளில் சொன்னார். நானும் அப்படித்தான் எண்ணுகிறேன்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாளியின் பிள்ளையை யாரும் திருத்துவதில்லை. பணியாளர்கள் தயங்குகிறார்கள், வாடிக்கையாளர்கள் பெரியவருக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள், பெற்றோர் வீட்டில் ஒன்று சொல்லி நிலையத்தில் வேறொன்று சொல்கிறார்கள். என் தலைமை மெக்கானிக் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தார் என்றால், அப்பா அதற்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும், "இவன் செய்வது தவறென்றால் என்னிடம் வராதீர்கள், இவனிடமே சொல்லுங்கள்" என்று கூறியிருந்ததே காரணம். மகளைச் சேர்த்துக்கொண்டபோது நானும் அதே சொற்களைத்தான் சொன்னேன். அவளுடைய வருகைப் பதிவும் விடுப்பும் தலைமை மெக்கானிக்கின் கையில் இருக்கின்றன, என்னிடம் இல்லை.

அவள் பணிமனைக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. லாரிக்கு அடியில் ஒரு பெண் படுத்து வேலை செய்வதா என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள், இப்போது கேட்பதில்லை. நான் கற்காத ஒன்றை அவள் தானாகவே செய்கிறாள். சர்வீசுக்கு வந்த வண்டிகள் திரும்பும்போது உரிமையாளரிடம் அனுமதி பெற்று, சரக்கு ஏற்றும் இடம்வரை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் போய் வருகிறாள். முதலாளியின் முன்னே வாய் திறக்காத ஓட்டுநர்கள் கேபினுக்குள் எல்லாவற்றையும் சொல்கிறார்கள்: எந்த இருக்கையில் முதுகு வலிக்கிறது, எந்தக் கண்ணாடியில் இடப்பக்கம் மறைகிறது, இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டர் இருந்தால் பிரேக் எவ்வளவு நேரம் சூடேறாமல் இருக்கிறது என்பதையெல்லாம். இந்த மின்சார லாரிகள் பரவும் காலத்தில் இது இன்னும் தேவைப்படும் என நினைக்கிறேன்; பேட்டரியின் எடை சரக்கின் எடையிலிருந்து கழிகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிறுத்திச் சார்ஜ் ஏற்றுவது என்பதும் வழியைத் தெரிந்தவருக்கே விளங்கும்.

சென்ற மாதம், எடை குறைவாகவும் இடம் அதிகமாகவும் பிடிக்கும் சரக்கை ஏற்றும் ஒருவர், எங்களிடம் உள்ளதிலேயே மிக நீளமான வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே மிக அதிக நீளம், உள்ள வண்டி வேண்டும் என்று வந்தார். மகள் அவருடைய கிடங்குக்கு அளவு நாடாவோடு போய், வாயிலின் அகலத்தையும் எதிரே உள்ள தெருவின் அகலத்தையும் அளந்து வந்தாள். வீல்பேஸ் நீள நீளத் திரும்புவதற்கு வேண்டிய வட்டமும் பெரிதாகும். அவர் கேட்ட வண்டி அந்த வாயிலில் ஒரே வீச்சில் நுழையாது; ஒவ்வொரு முறையும் தெருவை மறித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக எடுக்க வேண்டியிருக்கும். அதை வரைந்து காட்டி, சற்றுக் குறைந்த வீல்பேஸில் உயரமான பாடி கட்டினால் அதே சரக்கை ஏற்றலாம் என்று சொன்னாள். அவர் இன்னும் வாங்கவில்லை. வீட்டில் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார். விலையைக் கொஞ்சம் குறைத்து அவர் கேட்டதையே கொடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும் என்று எங்கள் விற்பனையாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். அதை மகளிடமே சொல்லும்படி அனுப்பினேன்.

குடும்பத் தொழில் வாரிசுகளைப் பற்றித் தாங்கள் தொடர்ந்து எழுதப்போவதாக அந்தக் கட்டுரையின் அடியில் அறிவித்திருந்தீர்கள். வாரிசுகளையும் அவர்களின் பெற்றோரையும் மட்டும் சந்தித்து எழுதாமல், அவர்களிடம் வண்டி வாங்கி ஐந்து ஆண்டு ஓட்டியவர்களையும், அந்த வண்டிகளைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக்குகளையும் சந்தித்து எழுதுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கனரக லாரி விற்பனைத் தொழிலில் உள்ள வாசகர் ஒருவர்